மல்லாட்டையும் மல்லித்தழையும்

ஆறு வருஷத்துக்கு அப்புறம் என் மகள் ஷீலா கனடாவிலிருந்து வருகிறாள். எங்கே வருகிறாள் என்று யாராவது கேட்டால்தான் எனக்கு வாய் கசந்துபோகிறது. விழுப்புரத்தில் பெற்றவர்கள் ரெண்டு பேர் உயிரோடு இருக்கிறோம், சொந்த வீடு இருக்கிறது. அவள் வந்து இறங்கப்போவதோ மரக்காணத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி எட்டே எட்டு அறை வைத்திருக்கும் ஒரு சொகுசு விடுதியில். ஒன்பது நாள். கூட அவள் புருஷன் டேவிட், நாங்கள் இதுவரை போனில் மட்டுமே பார்த்திருக்கிற ஐந்து வயதுப் பேரன் நோவா.

இத்தனைக்கும் அவர்களுக்காகத்தான் மாடியில் ஓர் அறை கட்டினோம். ஏசி, வெந்நீர்க் குழாய், வெஸ்டர்ன் டாய்லெட், குழந்தை உருண்டு விழாமலிருக்கக் கட்டிலுக்கு ஒரு பக்கம் தடுப்பு. ஒவ்வொன்றையும் படம் எடுத்து அனுப்பினேன். "சூப்பர்மா" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அடுத்த வாரம் விடுதியின் படங்கள் வந்தன. கூடவே ஒரு வேண்டுகோள். "நீயும் அப்பாவும் முன்னாடியே போயி ரெண்டு நாள் தங்கிப் பாருங்கம்மா. புக் பண்ணிட்டேன். நமக்கு சரிப்படுமா படாதான்னு உனக்குத்தான் தெரியும். நீ சரின்னா சரி, வேணாம்னா வேணாம்."

ஆக, என் வீட்டுக்குப் போட்டியாக வந்த கடைக்கு நானே போய்ச் சான்றிதழ் தரவேண்டும்.

நான் திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் போர்டில் ஆபரேட்டராக வேலை பார்த்தவள். அடுத்த ஊருக்குப் பேசுவதற்கே பதிவு செய்துவிட்டுக் காத்துக்கிடந்த காலம் அது. லைன் கொடுத்துவிட்டால் காதை எடுத்துவிட வேண்டும், ஊரான் பேச்சை ஒட்டுக்கேட்கக் கூடாது. மூன்று நிமிஷம் ஆனதும் நடுவில் நுழைந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசறீங்களா?" என்று கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் கட். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிப்போய், இன்றைக்கும் யார் பேசினாலும் மூன்று நிமிஷத்துக்கு மேல் எனக்குக் காது தங்காது.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், ஷீலாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். ஆறு நிமிஷத்துக்கு மேல். அங்கே என்னென்ன விசாரிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து எழுதினேன். கடல் ஆழமா? நீச்சல் குளத்துக்கு வேலி உண்டா? பக்கத்தில் டாக்டர் யார்? எல்லாவற்றையும்விட முக்கியமாக, சமையலில் மல்லாட்டை சேர்ப்பார்களா? நோவாவுக்கு மல்லாட்டை ஆகாது. ஒருமுறை பிறந்தநாள் விழாவில் தெரியாமல் தின்றுவிட்டு உதடெல்லாம் வீங்கி, மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வேர்க்கடலை என்று மற்றவர்கள் சொல்வதைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மூட்டை மூட்டையாக அது விளைகிற மண்ணில் பிறந்தவளின் பிள்ளைக்கு அதுவே விஷம். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

மல்லாட்டைக்கு அப்புறம் இது வந்தது. "அப்புறம் விசிட்டர்ஸ் வந்தா உள்ள விடுவாங்களா, எத்தன மணி வரைக்கும் இருக்கலாம்னு கேளும்மா."

விசிட்டர்ஸ். அங்கே அவளைப் பார்க்க வேறு யார் போகப்போகிறார்கள்? நானும் என் வீட்டுக்காரரும்தான். பெற்ற மகளைப் பார்க்க எத்தனை மணி வரைக்கும் அனுமதி என்று நானே கேட்டுச் சொல்ல வேண்டும். விரல் தானாகப் போய் நிறுத்திவிட்டது. மெசேஜ் பாதிதான் ஓடியிருந்தது. மீதியைக் கேட்க எனக்கு மனசில்லை.

திங்கள் காலையில் கிளம்பினோம். என் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளட்சை மிதித்து மிதித்தே இடது முட்டி போயிற்று. பக்கத்திலேயே என்ஜின் இரைந்துகொண்டிருந்ததால் இடது காதும் அரைகுறை. இந்த லட்சணத்தில் அவருக்குக் கடற்கரைக்குப் போகிறோம் என்று ஒரே குஷி. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு பெரிய பொட்டலம் வறுத்த மல்லாட்டை வாங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

மரக்காணம் பஸ் பிரம்மதேசம் தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்குவதற்குள் இவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "கிளட்ச் பிளேட்டுதானே?"

"ஆமாங்க. காத்தாலேர்ந்தே ஸ்லிப் ஆயிக்கினுதான் இருந்துச்சு. டிப்போல சொன்னா எவன் கேக்கறான்?"

"நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கினு இருந்தோம். கடைசியில என் முட்டிதான் போச்சு."

ரெண்டு பேரும் சொந்தக்காரர்கள் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் மட்டும் விவரமானவள். "ஜல்தியா எறங்குங்க, ஷேர் ஆட்டோ வர்து. அடுத்த பஸ்ஸுன்னு நின்னா பொழுது பூடும்" என்று என்னைத் தள்ளிக்கொண்டே இறங்கினாள். பத்துப் பேரோடு பதினொன்றும் பன்னிரண்டுமாக மரக்காணம் போய்ச் சேர்ந்தோம். இவருடைய முட்டி ஒரு கோழிக்கூடைக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வழியெல்லாம் உப்பளம், கண் கூசும் வெள்ளை. அங்கிருந்து இன்னொரு ஆட்டோ எங்களைச் சவுக்குத்தோப்பு முனையில் இறக்கிவிட்டுப் போனது.

விடுதியின் வாசலில் வாட்ச்மேன் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். என் கையில் வயர்கூடை, இவர் தோளில் துண்டு. "வேலைக்கு வர்றவங்க பின்னாடி கேட்டுல போவணும்" என்றார்.

"நாங்க தங்க வந்திருக்கோம்" என்றேன்.

பேர் கேட்டார். சொன்னேன். உள்ளே போன் போட்டுக் கேட்டுவிட்டு, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். "மன்னிச்சுக்கங்கம்மா. தங்கறவங்க எல்லாம் கார்ல வருவாங்க. நீங்க நடந்து வந்தீங்களா, அதான் பேஜாராப் பூட்ச்சு."

நோட்டைத் திறந்து முதல் குறையை எழுதிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உள்ளே போனதும் இளநீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஒரு பூவும் மிதக்கவிட்டுக் கொடுத்தார்கள். நனைத்த துண்டு ஒன்று கொடுத்தார்கள். முகத்தை ஒற்றிக்கொள்ளத்தான் அது. இவர் கழுத்து, அக்குள் எல்லாம் துடைத்து, அழுக்கான துண்டை அழகாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வரவேற்பில் இருந்த பெண் வடகிழக்குப் பக்கம். முகம் சுளிக்கவில்லை. இவர் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, படி உள்ள அறையை மாற்றி, படியே இல்லாத அறையைக் கொடுத்தாள். நாங்கள் கேட்கவேயில்லை.

அதை நான் நோட்டில் எழுதவில்லை.

அறையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் அரை மணி நேரம் தேடினேன். ஜன்னலைத் திறந்தால் கடல். மெத்தையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. குளியல் தொட்டியில் ஒரு ஆள் படுத்தே தூங்கலாம். எங்கள் மாடி அறையின் பாத்ரூமில் வாளி வைத்தால் கதவைச் சாத்த முடியாது, கதவைச் சாத்தினால் வாளியை வெளியே வைக்க வேண்டும். கொத்தனாரிடம் அப்போதே சொன்னேன், கேட்டானா?

மதியச் சாப்பாடு வட்டமாக வெட்டிய வாழையிலையில் வந்தது. இலையையே வட்டமாக வெட்டுகிறவர்கள் சோற்றை என்ன பாடு படுத்துவார்கள்? கவிழ்த்த கிண்ணம் அளவுக்குச் சோறு, விரல் நீளத்துக்கு வஞ்சிரம், மூன்று விதமான பச்சடி ஒவ்வொன்றும் ஒரு சொட்டு. கேட்டால் இன்னும் போடுவார்கள். கேட்டுச் சாப்பிடுவது என் வழக்கமில்லை. இவர் மூன்று தடவை கேட்டார்.

சமையல்காரரே வந்து எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். சுடலைமுத்து என்று பெயர், நாங்குநேரிப் பக்கம், நாற்பது வயதிருக்கும், நெற்றியில் வியர்வை காயாத மனிதர். நல்லது, ஆளே கிடைத்துவிட்டார் என்று கேட்டேன்.

"சமையல்ல மல்லாட்டை போடுவீங்களாங்க?"

"மல்லியா மேடம்? பின்ன, அது இல்லாமலா? எல்லாத்துலயும் மேல தூவித்தான் கொடுப்போம்."

"எல்லாத்துலயுமா?"

"குழம்பு, ரசம், சூப்பு, ஒண்ணு விடாம. நம்ம கையில அது தாராளம் மேடம்."

ரசத்தில் மல்லாட்டை தூவுகிற ஊரை நான் பார்த்ததில்லை. போர்டில் உட்கார்ந்திருந்தபோது, கேட்ட ஊர் ஒன்றும் கிடைத்த ஊர் வேறொன்றுமாக லைன் விழுந்தால் முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். அப்போதும் தெரிந்தது. அவர் காதில் விழுந்தது வேறு ஏதோ. "அதைக் கேக்கலீங்க, வேர்க்கடலை" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோட்டில், 'மல்லாட்டை: எல்லாத்துலயும் தூவுவார்கள்' என்று எழுதி அடியில் கோடு போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் வரவேற்பில் அந்தக் கேள்வியையும் கேட்டுவிட்டேன். விசிட்டர்கள் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை வரலாமாம். முன் வராந்தாவில் உட்காரலாமாம். அறைக்கோ கடலுக்கோ போகக்கூடாதாம். ஏதாவது ஒரு அடையாள அட்டை கொண்டுவர வேண்டுமாம். அந்தப் பெண் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குக் காது ரெண்டும் சூடாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் கடற்கரைக்குப் போனோம். சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். அலை அன்றைக்கு முரடு, இறங்கக் கூடாது. நோட்டில் இன்னொரு குறை. மீன் கூடையோடு மணலில் நடந்துவந்த ஒரு பெண்ணைப் பார்த்துக் காவலாள் விசிலடித்தான். அவள் நிற்கவேயில்லை. "கடலு இன்னா உங்க அப்பன் வூட்டு சொத்தா? உன் மொதலாளிய வந்து ஊதச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே எங்கள் நாற்காலிகளுக்கு முன்னாலேயே போனாள். எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் உட்கார்ந்திருந்தது அவர்கள் நாற்காலியில்.

பக்கத்து அறையில் ஒரு வடக்கத்தி அம்மாளும் அவள் மகளும். அந்த அம்மாளுக்கு என் வயசு இருக்கும். காலையிலேயே படுக்கை விரிப்பைத் தானே மடித்து, ஈரத் துண்டுகளை உதறிக் கொடியில் போட்டு, எங்கேயோ ஒரு துடைப்பமும் தேடிப்பிடித்து வாசல் மணலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். மகள் வந்து துடைப்பத்தைப் பிடுங்கினாள். ட்ரங்க் போர்டு தயவில் எனக்குக் கொஞ்சம் இந்தி புரியும். "போதும் அம்மா, இங்கே உனக்கு ஒரு வேலையும் கிடையாது. பேசாமல் என் பக்கத்தில் உட்கார்" என்று மகள் அதட்டினாள். அம்மாக்காரி திருட்டு முழியோடு உட்கார்ந்தாள். கை ரெண்டையும் எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வேலையும் செய்யவிடாத இடத்தில் மனுஷி எப்படிப் பொழுது போக்குவது என்று நான் அவளுக்காகப் பரிதாபப்பட்டேன். அரை மணி கழித்துப் பார்த்தபோது ரெண்டு பேரும் தலையைச் சேர்த்துவைத்துக்கொண்டு எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் வெந்நீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் ஊறிவிட்டு மாப்பிள்ளை மாதிரி வெளியே வந்தார். "மேரி, முட்டி வலி பாதி கொறைஞ்சுது. நல்லாத்தான் கீது. புள்ளைங்க இங்கியே இருக்கட்டும். நாம டெய்லி வந்து பாத்துட்டுப் போலாம்."

"வரணும்னா ஐடி கார்டு எடுத்துக்கினு வரணும். நாலு மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும். ஜெயில்ல கீறவங்களப் பாக்க வர்ற மாதிரி."

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டார். அப்புறம், "ரெண்டு மணி நேரம் பாக்கலாம் இல்ல?" என்றார்.

இந்த மனுஷனுக்கு ரோஷம் என்பதே கிடையாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளக் கடிகாரம் பார்க்கச் சொல்கிறார்கள், இவர் ரெண்டு மணி நேரம் கிடைக்கிறதே என்கிறார்.

மூன்று மணி சுமாருக்கு நாற்காலியில் சாய்ந்துகொண்டு மல்லாட்டையை உடைத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். காலடியில் தோல் குவிந்திருந்தது. டீ கொண்டுவந்த சுடலைமுத்து அதைப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்குக் கடலை ரொம்பப் பிரியமோ?" என்றார்.

"திண்டிவனம் மல்லாட்டை. எடுத்துக்கங்க" என்று இவர் ஒரு கை அள்ளி நீட்டினார்.

சுடலைமுத்து கையில் வாங்கியதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மேடம், நேத்து நீங்க கேட்டது இதையா? இதுக்குப் பேரா மல்லாட்டை? நான் மல்லித்தழைன்னுல்லா நெனச்சேன்!"

"பேரனுக்கு அது ஆவாதுங்க. மூச்சு முட்டிக்கும். அதான் இவ கேட்டா" என்றார் இவர்.

அந்த மனிதர் பதறிப்போனார். டீயை அப்படியே வைத்துவிட்டு என்னைச் சமையலறைக்கு அழைத்துக்கொண்டு போனார். ஆகாத சாப்பாடு உள்ளவர்களுக்கென்று தனியே வைத்திருந்த சட்டி, கரண்டி, வெட்டும் பலகை எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். சுவரில் ஒரு பலகை, அதில் எந்த அறைக்கு எது ஆகாது என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. "பிள்ளை இருக்கிற ஒன்பது நாளும் இந்த வாசலுக்குள்ள கடலை வராது மேடம். நான் பொறுப்பு. ஐயாவும் கையைக் கழுவிட்டுத்தான் பிள்ளையைத் தொடணும், ஆமா" என்றார். எங்கள் வீட்டில் இட்லிக்குச் சட்னி மல்லாட்டையில், பொரிப்பது மல்லாட்டை எண்ணெயில், மாலையில் கொறிப்பதும் அதுதான். இவ்வளவு நாளில் ஒரு கரண்டியைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

அன்றைக்கு ஆறு மணிக்கு, கனடாவில் ஷீலா எழுந்திருக்கும் நேரம் பார்த்து, வராந்தாவில் தனியாக உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். போனை வாயருகே வைத்து, போர்டு குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"கடல்ல கால் வைக்க முடியல, செவப்புக் கொடி நட்டு வச்சிருக்காங்க. சாப்பாடு கையளவு. வாட்ச்மேன் எங்கள வேலைக்காரங்கன்னு நெனச்சு பின் கேட்டுல போகச் சொன்னான். விசிட்டர் நாலுலேர்ந்து ஆறு வரைக்கும்தான், அதுவும் வராந்தாவுல. அப்புறம் மல்லாட்டை. சமையல்காரரையே நேரா கேட்டேன். எல்லாத்துலயும் மேல தூவித்தான் குடுப்போம்னாரு."

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அவர் சொன்னதைச் சொன்னேன். ஆபரேட்டரின் வேலை லைன் கொடுப்பது, அவ்வளவுதான். அப்படிச் சொல்லிக்கொண்டேதான் அனுப்பினேன். அனுப்பியதும் நோட்டை மூடி வயர்கூடையின் அடியில் வைத்தேன்.

புதன் காலையில் கிளம்பும்போது சுடலைமுத்து ஒரு டப்பாவோடு வாசல்வரை வந்தார். "பாசிப்பயறு உருண்டை, ஐயாவுக்கு. இதுல கடலை இல்ல. பிள்ளை வரும்போது புதுசா செஞ்சு தாரேன்." என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாட்ச்மேன் இந்தத் தடவை முன் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வண்டிக்குக் காத்திருக்கும்போது ஷீலாவின் பதில் வந்தது. அவசரத்தில் பேசியிருந்தாள். "நல்லவேளை கேட்டம்மா! அவங்க வெப்சைட்ல ஒண்ணுமே போடல. கேன்சல் பண்ணிட்டேன். முன்னபின்ன தெரியாதவங்கள நம்பி இவன விட முடியாது. நீன்னா நம்பலாம். வீட்டுக்கே வர்றோம். டேவிட் பீச் வேணும்ங்கறாரு, அதனால ஆறு நாள் கோவா, மூணு நாள் நம்ம வீடு. டிக்கெட் போட்டாச்சு."

ஜெயித்துவிட்டேன். பஸ் ஸ்டாண்ட் என்றும் பார்க்காமல் கையெடுத்துக் கும்பிட்டேன். என் மாடி அறையில், நான் போட்ட கட்டிலில், என் பேரன் தூங்கப்போகிறான். இவருடைய வலது காதில் கத்திச் சொன்னேன்.

"மூணு நாளா?" என்றார் இவர்.

"ஒண்ணுமே இல்லாததுக்கு மூணு நாள். வராந்தாவுல ரெண்டு மணி நேரத்துக்கு மூணு நாள் மேலு."

அவர் சட்டைப் பையில் கைவிட்டு, மீதியிருந்த மல்லாட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த குப்பைத்தொட்டியில் கொட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அடுப்படியைக் கிளறினேன். மல்லாட்டை எண்ணெய் டின், வறுத்துவைத்த டப்பா, சட்னிப்பொடி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்தேன். எண்ணெய் ஜாடியைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான், பிள்ளைக்கு வேறு எதுவும் ஆகாதென்று சொன்னாளா என்று சந்தேகம் வந்தது. அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமை மெசேஜை ஓடவிட்டு, போனை மேடைமேல் சாய்த்துவைத்துவிட்டு மறுபடி ஜாடிக்குள் கையை விட்டேன். கடல், வேலி, டாக்டர், மல்லாட்டை என்று வரிசையாக வந்தது. "அப்புறம் விசிட்டர்ஸ்" வந்தது. நிறுத்தலாமென்றால் ரெண்டு கையும் முழங்கைவரை எண்ணெயும் சீயக்காயும்.

"எத்தன மணி வரைக்கும் இருக்கலாம்னு கேளும்மா. கண்டாச்சிபுரம் பெரியம்மா வீட்லேர்ந்து எல்லாரும் வருவாங்க இல்ல, அவங்களுக்குத்தான். நமக்கு ரெண்டு ரூம் சொல்லியிருக்கேன், பக்கத்துல பக்கத்துல. அப்பா முட்டிக்குப் படி இல்லாத ரூமா பாரு. ஒம்போது நாளும் நீங்க ரெண்டு பேரும் எங்ககூடத்தான். மேல கட்டின ரூம் ரொம்ப அழகா இருக்கும்மா, அது எனக்குத் தெரியும். ஆனா வீட்ல இருந்தா நீ அடுப்படிய விட்டு வெளிய வரமாட்ட. போன வாட்டி வந்தப்ப முழுக்க உன் முதுகத்தான்மா பாத்துக்கிட்டு இருந்தேன். கெளம்பற அன்னிக்குத்தான் உன் மூஞ்சியே பாத்தேன். இந்த வாட்டி உனக்கு ஒரு வேலையும் கெடையாது. சும்மா என் பக்கத்துல உக்காந்திருக்கணும், அவ்வளவுதான்."

அதற்கப்புறமும் என்னவோ சொன்னாள். மெசேஜ் தானாக ஓடி முடிந்தது.

நமக்கு என்றுதான் அவள் முதலிலிருந்தே சொல்லியிருக்கிறாள். நமக்கு சரிப்படுமா என்று கேட்டாள். எங்களுக்கு என்று கேட்கவில்லை. ஒரு எழுத்து பிசகினாலும் பிடித்துவிடும் காது என்று பேர் வாங்கியவள் நான். அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன்.

கையைத் துடைத்துக்கொண்டு விடுதிக்குப் போன் போட்டேன். என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டு ஓடவிட்டார்கள். அந்த வடகிழக்குப் பெண்தான் பேசினாள். வருத்தத்தோடு சொன்னாள், எங்கள் அறைகள் காலியாகாதா என்று காத்திருந்த ஒரு கல்யாணக் கோஷ்டி அந்த ஒன்பது நாளுக்கும் மொத்த விடுதியையும் எடுத்துக்கொண்டதாம். ஷீலாவைக் கூப்பிட்டிருக்கலாம். கனடாவில் விடியவில்லை. விடிந்த பிறகுதான் என்ன சொல்வது? அவர் சொன்னது மல்லித்தழை, அது எனக்கு அப்போதே தெரியும் என்றா? என்னை நம்பித்தான் வீட்டுக்கு வருகிறாள். அந்த நம்பிக்கையையும் கெடுத்துக்கொண்டால் மூன்று நாளும் மிஞ்சாது. கேவலமான கணக்குத்தான். போட்டவள் நான், வேறு யாரைச் சொல்ல?

வேலை பார்த்த காலமெல்லாம், எவனோ பம்பாயிலிருந்து பெண்டாட்டியிடம் பேசும்போதுகூட, "மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் கட் பண்ணியிருக்கிறேன். என் சொந்த மகளிடம் மட்டும் கேட்கவில்லை.

அடுப்படி வாசலில் இவர் வந்து நின்றார். "பாப்பா குரல் கேட்டுச்சே. இன்னா சொல்றா?"

"ஒண்ணும் இல்ல. வர்ற மூணு நாளைக்கு இன்னா சமைக்கப் போறேன்னு கேக்கறா."

"அப்பிடியா?" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். நான் திரும்பவில்லை. ஜாடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் போய்விட்டார்.